20 கிராஸ்போ, 10 நைட்: திறந்தவெளியில் ஏன் தோற்கிறோம்? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, கேஸல் ஏஜ் சண்டை

கடாரத்தான், பட்டர்வொர்த்

வணக்கம் மக்களே. சனிக்கிழமை கேஎல் (கோலாலம்பூர்) ஆளுங்களோட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கம்ப்யூட்டர் போர் ஆட்டம், 3க்கு 3, மேப் அராபியா. அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை நாலு பேர் கூடிப் பேசித் தீர்த்துக்கலாம்.

கணக்கு இதுதான். கேஸல் ஏஜ்ல (ஆட்டத்தோட மூணாவது காலகட்டம்) 20 கிராஸ்போவுக்கு (குறுக்குவில் வீரன்) 500 மரம், 900 தங்கம். 10 நைட்டுக்கு (குதிரை வீரன்) 600 உணவு, 750 தங்கம். கூட்டிப் பார்த்தா 1400க்கு 1350, ஏறக்குறைய சமம். ஆனா சமவெளியில நேருக்கு நேர் மோதுனா நைட்தான் மேயுது. "மைக்ரோ பண்ணு" (ஆளை ஆளா கையால நகர்த்து)ன்னு ஒத்த வரியில பதில் போடாதீங்க. எங்க தோற்குது, எந்த எண்ணிக்கையில, எந்த அப்கிரேட்ல நிலைமை மாறுது? அதைச் சொல்லுங்க.

செந்தூல்_அரசி

நல்ல கேள்வி. முதலில் ஒரு நைட் சாக எத்தனை அம்பு வேண்டும் என்று பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கிராஸ்போவின் தாக்குதல் 5. ஃப்ளெட்சிங், போட்கின் என்ற அம்பு அப்கிரேட் இரண்டும் முடிந்தால் 7. நைட்டின் அம்புக் கவசம் 2, ஸ்கேல் பார்டிங் (குதிரைக் கவச அப்கிரேட்) போட்டால் 3. ஆக ஓர் அம்புக்கு 4 சேதம், 100 உயிருக்கு 25 அம்பு. எதிராளி பிளட்லைன்ஸும் (குதிரைப்படைக்குக் கூடுதல் உயிர்) செயின் பார்டிங்கும் (அடுத்த குதிரைக் கவசம்) முடித்துவிட்டால் உயிர் 120, கவசம் 4, அம்புக்கு 3 சேதம். அதாவது 40 அம்பு. அதே நைட், அதே கிராஸ்போ, தேவையான அம்பு மட்டும் 25லிருந்து 40 ஆகிவிட்டது.

இப்போது நேரம். ஃப்ளெட்சிங், போட்கினோடு கிராஸ்போவின் வீச்சு 7 கட்டம். நைட் விநாடிக்கு 1.35 கட்டம் ஓடும், அந்த 7 கட்டத்தைக் கடக்க 5 விநாடி சொச்சம். கிராஸ்போ 2 விநாடிக்கு ஒருமுறை எய்யும். ஆக நைட் வந்து ஒட்டுவதற்குள் 3 சரமாரிதான் கிடைக்கும். 20 பேர், 3 முறை, 60 அம்பு. குறி 85 சதவீதம் என்பதால் 51 பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 204 சேதம். இரண்டு நைட் விழும், மிச்சம் 8 உங்கள் மேல் நிற்கும். அதன்பிறகு ஒவ்வொரு நைட்டும் 6 விநாடிக்குள் ஆளுக்கு ஒரு கிராஸ்போவை முடித்துவிடும். சண்டை அங்கேயே தீர்ந்தது.

இன்னொன்று, போட்கின் இல்லாமல் போனால் அம்புக்கு 3 சேதம், வீச்சும் 6தான். ஆராய்ச்சிக்கு 200 உணவும் 100 தங்கமும் ஆகும். அது முடியும்வரை படையை டவுன் சென்டருக்கு வெளியே கூட்டிப் போகாதீர்கள்.

பத்துமலை_யானை

அக்கா கணக்கு போட்டா மறுபேச்சு இல்ல 😄 நான் நைட் பக்கம். எங்க ஆளுங்க ஏன் ஜெயிக்கிறாங்கன்னு சொல்றேன், அதைத் தடுக்குற வழியை நீங்களே தேடிக்குங்க.

நைட் வச்சிருக்கிறவன் நேரா வரமாட்டான் லா. ரெண்டு குரூப்பா பிரிச்சு ரெண்டு பக்கத்துல இருந்து வருவான். ஒரு குரூப்பைச் சுட்டுக்கிட்டே பின்வாங்கினா இன்னொரு குரூப்போட மடியில போய் விழுவீங்க. சின்ன சண்டைக்கு ஃப்ளாங்க் ஃபார்மேஷன் போட்டாலே படை ரெண்டா பிளந்துக்கும், தனித்தனியா கிளிக் பண்ற வேலை மிச்சம்.

இன்னொண்ணு, நல்ல நைட் ஆட்டக்காரன் கிராஸ்போவோட சண்டையே போடமாட்டான். உங்க படை வெளியில வந்ததும் அதைச் சுத்திக்கிட்டு உங்க மரவெட்டுக்குப் போயிடுவான். கிராஸ்போ வேகம் 0.96, துரத்தி ஒண்ணும் பிடிக்க முடியாது. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள கிராமத்தான் எட்டு பேர் காலி.

பிரிக்பீல்ட்ஸ்_பாய்

சிம்பிள் பாஸ். பைக்மேன் (ஈட்டிக்காரன்) போடு. 35 உணவு, 25 மரம், தங்கமே வேணாம். நைட்டுக்கு எதிரா 22 போனஸ். முடிஞ்சது கதை. அடுத்த கேள்வி?

செந்தூல்_அரசி

முடியவில்லை தம்பி. பைக்மேனும் நைட்டும் ஒண்டிக்கு ஒண்டி மோதினால் பெரும்பாலும் நைட்தான் ஜெயிக்கும். இரு பக்கமும் அப்கிரேட் இல்லை என்று வையுங்கள். பைக்மேன் ஒரு குத்துக்கு 24 சேதம், 5 குத்து வேண்டும். ஆனால் குத்துக்குக் குத்து சுமார் 3 விநாடி இடைவெளி, ஐந்தாவது குத்து விழ 12 விநாடி ஆகிவிடும். நைட் ஒரு வெட்டுக்கு 10 சேதம், பைக்மேனின் உயிர் 55, ஆக 6 வெட்டு. வெட்டுக்கு வெட்டு 1.8 விநாடி. 9 விநாடியில் கதை முடிந்தது.

பைக்மேனின் பலம் விலையில் இருக்கிறது. 60க்கு 135. இரண்டு பைக்மேன் ஒரு நைட்டோடு மோதினால் நைட் தேறாது. ஆனால் நைட் வேகமானது, பிடிக்காத சண்டையை விட்டு ஓடிவிடும். பைக்மேனை மட்டும் நம்பிப் படை கட்டினால் நைட் அதைத் தொடவே தொடாது.

ஆயர்ஈத்தாம்_மாமா

அரசி சொன்னதுதான் சரி. பைக்மேனை வேலியாக வையுங்கள். கொல்லுகிற வேலையைக் கிராஸ்போ பார்த்துக்கொள்ளும்.

கடாரத்தான் தம்பி, உங்கள் 1400 வளத்தையே வேறு மாதிரி செலவழித்துப் பாருங்கள். 14 கிராஸ்போ, 8 பைக்மேன். 980 ஒன்று, 480 ஒன்று, மொத்தம் 1460. எதிரே 11 நைட் என்றால் 1485. தங்கத்தைப் பாருங்கள்: உங்களுக்கு 630, அவருக்கு 825. சமமாகச் செத்தாலும் அடுத்த அலையில் நீங்கள்தான் முன்னால் இருப்பீர்கள்.

நிறுத்தும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிராஸ்போவை ஒரு குரூப், பைக்மேனை இன்னொரு குரூப் என்று 1, 2 விசைகளில் போடுங்கள். ஒரே குரூப்பாகப் போட்டால் லைன் ஃபார்மேஷனில் கைச்சண்டைக்காரர் முன்னாலும் வில்லாளர் பின்னாலும் தானாகவே நிற்பார்கள், நடக்கும்போது வசதிதான். ஆனால் சண்டை தொடங்கிய பிறகு கிராஸ்போவைப் பின்னால் இழுத்தால் பைக்மேனும் கூடவே திரும்பி ஓடுவான். வேலி போச்சு.

பைக்மேனுக்கு ஸ்டாண்ட் கிரவுண்ட் (நின்ற இடத்தை விட்டு நகராதே) கட்டளை கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு நைட் வந்து சீண்டிவிட்டு ஓடும், எட்டுப் பேரும் அதன் பின்னால் போவார்கள், மீதி நைட் எல்லாம் திறந்த வாசல் வழியாகக் கிராஸ்போ மேல் பாயும். ஸ்டாண்ட் கிரவுண்டுக்கும் ஒரு குறை உண்டு. எதிராளி ஸ்கர்மிஷரோ (எறியீட்டிக்காரன்) மேங்கோனலோ (கல்லெறி இயந்திரம்) கொண்டுவந்தால் பைக்மேன் நின்ற இடத்திலேயே அடி வாங்கிச் சாவான், நகரமாட்டான். நைட் மட்டும் வரும் சண்டைக்குத்தான் இந்த நிலை.

கடாரத்தான், பட்டர்வொர்த்

மாமா, நன்றி. பிளாக்ஸ்மித்ல (ஆயுத, கவச அப்கிரேட் நடக்குற கட்டடம்) வரிசை எப்படி? போட்கின் முதல்ல, சரி. அப்புறம் வில்லாளர் கவசமா, பைக்மேன் கவசமா?

செந்தூல்_அரசி

இதில்தான் நிறையப் பேர் உணவை வீணாக்குகிறார்கள். எண்ணிப் பார்க்கலாம்.

கிராஸ்போவின் உயிர் 35. ஃபோர்ஜிங் (வெட்டின் சேதத்தைக் கூட்டும் அப்கிரேட்) மட்டும் உள்ள நைட் 11 அடிக்கும், 4 வெட்டு. நீங்கள் பேடட் ஆர்ச்சர் ஆர்மர் (வில்லாளர் கவசம்) போட்டால் அது 10 ஆகும், அப்போதும் 4 வெட்டுதான். கவசம் போட்டு ஒரு பயனும் இல்லை. ஆனால் எதிராளி ஃபோர்ஜிங்கின் அடுத்த படியான அயர்ன் காஸ்டிங் முடித்துவிட்டால் 12 அடிக்கும், மூன்றே வெட்டில் 36, கிராஸ்போ காலி. அங்கே பேடட் இருந்தால் 11, மூன்று வெட்டில் 33, மிச்சம் 2 உயிரோடு கிராஸ்போ நிற்கும், நாலாவது வெட்டு வேண்டும். ஆக எதிராளி அயர்ன் காஸ்டிங் போடும் நேரத்தில் உங்களுக்குப் பேடட் இருக்கவேண்டும். விலை 100 உணவுதான்.

அடுத்த படியான லெதர் நைட்டுக்கு எதிராக எதுவும் மாற்றாது. 12க்குப் பதில் 10 அடி, அப்போதும் 4 வெட்டு. எதிரே வில்லாளர் அல்லது ஸ்கர்மிஷர் இருந்தால் மட்டும் லெதர்.

பைக்மேனுக்கு இதே மாதிரி ஒரு விளிம்பு இருக்கிறது. ஃபோர்ஜிங் உள்ள நைட் 11 அடித்தால் 55 உயிருக்குச் சரியாக 5 வெட்டு. ஸ்கேல் மெயில் (காலாட்படைக் கவசம்) போட்டால் 10 அடி, 6 வெட்டு. அதுவும் 100 உணவு. அயர்ன் காஸ்டிங் வந்த பிறகு ஸ்கேல் மெயில் இருந்தும் 5 வெட்டுதான்.

எனவே என் வரிசை: ஃப்ளெட்சிங் ஃப்யூடல் ஏஜிலேயே (கேஸலுக்கு முந்தைய காலகட்டம்) முடிந்திருக்கவேண்டும். கேஸல் வந்ததும் கிராஸ்போ அப்கிரேடும் போட்கினும் ஒரே நேரத்தில், ஏனென்றால் ஒன்று ரேஞ்சில் (வில்லாளர் கூடம்) நடக்கும், மற்றது பிளாக்ஸ்மித்தில். பிறகு ஸ்கேல் மெயில், பேடட். கிராஸ்போ அப்கிரேட் நடக்கும்போது அந்த ரேஞ்சில் ஆள் எடுக்க முடியாது, ஆகவே இரண்டாவது ரேஞ்ச் முன்கூட்டியே நின்றிருக்கவேண்டும்.

பத்துமலை_யானை

அந்த அப்கிரேட் நேரம்தான் நாங்க காத்துக்கிட்டு இருக்குறது. ரெண்டுக்கும் தலா 35 விநாடி. முதல் மூணு நாலு நைட் வந்து கதவைத் தட்டுறது அப்பதான்.

ஃப்ராங்க்ஸ் நாடு எடுத்தவனுக்கு எதிரா இன்னும் மோசம். பிளட்லைன்ஸ் அவங்களுக்குக் கிடையாது, ஆனா குதிரைக்கு 20 சதவீதம் கூடுதல் உயிர் சும்மாவே வருது. முதல் நைட்டே 120 உயிரோட வாசல்ல நிக்கும். அக்கா கணக்குப்படி ஸ்கேல் பார்டிங்கோட 30 அம்பு.

பிரிக்பீல்ட்ஸ்_பாய்

சரி, பைக்மேன் கதை முடியல, ஒத்துக்கிறேன். அப்ப மாங்க் (எதிரியை மதம் மாத்தி நம்ம பக்கம் இழுக்குற துறவி)? 100 தங்கத்துக்கு ஒரு மாங்க், 135 வளமுள்ள நைட்டைத் தூக்கிட்டு வரும். அவனுக்கு ஒண்ணு குறையும், நமக்கு ஒண்ணு கூடும். வீச்சு 9, கிராஸ்போவை விட நீளம். இதைவிட லாபம் எங்க இருக்கு?

ஆயர்ஈத்தாம்_மாமா

லாபம் உண்டு, வேலையும் உண்டு. மதம் மாற்ற குறைந்தது 4 விநாடி, சிலசமயம் 10 வரை போகும், நடுவில் அதிர்ஷ்டம். ஐந்து விநாடியில் நைட் உங்கள் மேல் வந்து நிற்கும் என்று அரசி காட்டினார். ஆக முதல் மோதலில் ஒரு மாங்க் ஒரு நைட்டை மாற்றினாலே பெரிது. மாற்றி முடித்த மாங்க் மறுபடி நம்பிக்கை (மதம் மாற்றும் சக்தி) நிரம்பும்வரை சும்மா நிற்கும்.

இரண்டு மாங்க் போதும். ஒரே நைட் மேல் இரண்டையும் ஏவாதீர்கள், ஆளுக்கு ஒன்று குறியுங்கள். நிற்கும் இடம் பைக்மேனுக்குப் பின்னால், கிராஸ்போவுக்குப் பக்கத்தில். எதிராளி லைட் கேவல்ரி (இலகு குதிரைப்படை) எடுத்தால் மாங்கை நம்பவேண்டாம். அது 80 உணவு, எளிதில் மதம் மாறாது, மாங்கைத் தேடி வந்து கொல்வதே அதன் தொழில். சண்டை இல்லாத நேரத்தில் அந்த மாங்கை வைத்து ரெலிக் (புனிதப் பொருள்) எடுங்கள். ஒரு ரெலிக் நிமிடத்துக்கு 30 தங்கம் தரும். மூன்று கையில் இருந்தால் நிமிடத்துக்கு இரண்டு கிராஸ்போவின் தங்கம் உழைக்காமல் வரும்.

செந்தூல்_அரசி

குறிபார்த்துச் சுடுவது பற்றி யாரும் பேசவில்லை.

கிராஸ்போ 40 ஆனபிறகும் எல்லோரையும் ஒரே நைட் மேல் வலது கிளிக் செய்வது பெரிய விரயம். 25 போதும் என்றால் மீதி 15 அம்பு காற்றில். குறி தவறுவதையும் சேர்த்தால் ஒரு நைட்டுக்கு சுமார் 30 பேர் என்று வையுங்கள். 30க்குக் கீழே இருக்கும்வரை ஒரே குரூப், ஒரே இலக்கு. 50 தாண்டினால் இரண்டு குரூப், இரண்டு இலக்கு. தம்ப் ரிங் அப்கிரேட் முடிந்தால் குறி தவறாது, அப்போது 25 பேர் கொண்ட குரூப் கணக்காக அமையும்.

நைட் ஒட்டிவிட்டது, இனி தப்ப வழியில்லை என்ற நிலையில் இலக்கு குறிப்பதை நிறுத்துங்கள். அவரவர் பக்கத்தில் இருப்பதை அவரவர் சுடட்டும்.

பாலிஸ்டிக்ஸ் ஆராய்ச்சியை மறக்காதீர்கள், 300 மரம், 175 தங்கம், பல்கலைக்கழகத்தில். அது இல்லாமல் அம்பு நைட் இருந்த இடத்துக்குப் போகும். நேராக ஓடிவரும் நைட்டுக்கு எதிராக அதிகம் தெரியாது, குறுக்கே ஓடும் நைட் மேல் எய்தால் பாதி அம்பு மண்ணில் குத்தும். பத்துமலையார் சொன்ன சுற்றிப் போகும் ஆட்டத்துக்கு மருந்து இதுதான்.

ஆயர்ஈத்தாம்_மாமா

மேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து அடித்தால் 25 சதவீதம் கூடுதல், கீழிருந்து மேலே அடித்தால் 25 சதவீதம் குறைவு. 4 சேதம் மேட்டில் 5 ஆகும்: 25 அம்புக்குப் பதில் 20. பள்ளத்தில் 3: 34 அம்பு. கீழே நின்று சுட்டால் எதிராளிக்குக் கூடுதல் கவசத்தை நாமே வாங்கிக் கொடுத்த மாதிரி. அராபியாவில் குன்றுகள் தாராளம். உங்கள் தங்கச் சுரங்கத்துக்கும் மரவெட்டுக்கும் நடுவே ஒரு மேடு இருந்தால் படை நிற்கும் இடம் அதுதான்.

மேடு கிடைக்காவிட்டால் காட்டின் ஓரம். ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் வீடுகள், நடுவில் இரண்டு மூன்று கட்ட அகலச் சந்து. அங்கே 8 பைக்மேன் எதற்கு, 4 போதும். பதினோரு நைட் வந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டு மூன்றுதான் வெட்டமுடியும், மீதி பின்னால் வரிசை கட்டும், பண்டிகைக்கு முதல் நாள் பினாங்குப் பாலம் மாதிரி.

கடாரத்தான், பட்டர்வொர்த்

பாலத்தை இழுக்காதீங்க மாமா, வயிறு எரியுது 😅

சந்துல நாம நின்னா அவன் மேங்கோனல் கொண்டுவரமாட்டானா?

பத்துமலை_யானை

கட்டாயம் வருவான். நான்னா ரெண்டு எடுப்பேன். 160 மரம், 135 தங்கம் ஒண்ணுக்கு. 40 சேதம், கிராஸ்போவுக்கு 35 உயிர், ஒரே கல்லுல கும்பல் காலி. வீச்சு 7, உங்க கிராஸ்போவோட சமம். நீங்க திருப்பிச் சுட்டா? அதோட அம்புக் கவசம் 6, உங்க தாக்குதல் 7, அம்புக்கு 1 சேதம். 50 உயிருக்கு 50 அம்பு.

செந்தூல்_அரசி

மேங்கோனலைப் பார்த்ததும் செய்யவேண்டியது:

கிராஸ்போவை உடனே இரண்டாகப் பிரியுங்கள், ஸ்டாக்கர்ட் ஃபார்மேஷனில் விடுங்கள், இடைவெளி கூடும். கை தூக்கி எறிவது தெரிந்ததும் பக்கவாட்டில் நகருங்கள். பின்னால் ஓடினால் கல் உங்கள் கூடவே வரும், பக்கவாட்டில் ஓடினால் வெறும் நிலத்தில் விழும். அடுத்த கல்லுக்கு 6 விநாடி. அந்த இடைவெளியில் நீங்கள் நெருங்கலாம். 3 கட்டத்துக்குள் போய்விட்டால் அதனால் உங்களை அடிக்க முடியாது.

பிரித்த குரூப்பை மறுபடி ஒன்றாகச் சேர்த்து ஒரே கிளிக்கில் நகர்த்தாதீர்கள். ஃபார்மேஷன் கட்டுவதற்காக முன்னால் இருப்பவன் பின்னாலும் பின்னால் இருப்பவன் முன்னாலும் ஓடி, சரியாக அடுத்த கல் விழும் இடத்தில் கூடுவார்கள்.

மேங்கோனலைக் கொல்ல நல்ல ஆள் இரண்டு மூன்று லைட் கேவல்ரி. எதிராளியின் நைட் உங்கள் பைக்மேனில் சிக்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துச் சுற்றி அனுப்புங்கள். நீங்களே மேங்கோனல் எடுத்தால் நோ அட்டாக் நிலையில் வைத்து, நீங்கள் குறித்த இடத்தில் மட்டும் எறியவிடுங்கள். தானாக விட்டால் பைக்மேனோடு மல்லுக்கட்டும் நைட் மேல் எறியும், உங்கள் பைக்மேனும் சேர்ந்து சாவான். சொந்தப் படை என்று அது பார்க்காது.

பிரிக்பீல்ட்ஸ்_பாய்

சனிக்கிழமைக்கு எந்த நாடு? பினாங்கு ஆளுங்க மலாய் எடுப்பாங்கன்னு பேச்சு. நம்ம ஆளுங்க சோழன் பாசத்துல டிராவிடியன்ஸ் எடுக்கிறேன்னு அடம்.

ஆயர்ஈத்தாம்_மாமா

பாசம் சரி, நைட் கிடையாதே தம்பி. 2022ல் அந்த நாட்டோடு ராஜேந்திரன் படையெடுப்பும் ஆட்டத்தில் வந்தது. 1025ல் கடாரத்துக்கு வந்தது கப்பல் படைதானே, அதே சாயலில்தான் நாட்டையும் அமைத்திருக்கிறார்கள்: காலாட்படை, கடற்படை. அராபியாவில் கடல் இல்லை. இருந்தாலும் இந்த இழையின் விஷயத்துக்கு ஒரு நல்ல செய்தி: பாரக்ஸ் (காலாட்படைக் கூடம்) ஆராய்ச்சிகள் அவர்களுக்குப் பாதி விலை, ஆகவே பைக்மேன் அப்கிரேட் மலிவு. ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் இலவசம், இரண்டாவது ரேஞ்சுக்கு ஆயிற்று. அணியின் மூவரில் ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரர் எடுக்கலாம். நடுவில் நிற்பவர் எடுத்தால் அணியில் நைட்டே இருக்காது.

மலாய்க்காரர் சீக்கிரம் ஏஜ் ஏறுவார். அவருடைய தனிப்படையான கராம்பிட் வீரன் மக்கள்தொகையில் பாதி இடம்தான் பிடிப்பான், கூட்டமாக வருவான். அம்புக்கு முன் நிற்கமாட்டான். கிராஸ்போ போதும்.

கடாரத்தான், பட்டர்வொர்த்

அப்ப ஓரம் ரெண்டு பேரும் கிராஸ்போ, பைக்மேன். நடுவுல நைட். நடுவுல இருக்கிறவர் எந்த ஓரத்துக்கு உதவிக்கு வரணும்?

பத்துமலை_யானை

நான் எதிரணி, சொல்லக்கூடாது 😄 சரி, பொதுவா: அடி வாங்குற ஓரத்துக்கு ஓடாதீங்க. அங்க கேஸல், டவுன் சென்டர் வச்சுத் தாக்குப்பிடிக்கச் சொல்லுங்க. உங்க நைட்டை எதிர் ஓரத்தானோட மரவெட்டுக்கு அனுப்புங்க. அவன் படை முன்னாடி வந்திருக்கும், வீட்டுல யாரும் இருக்கமாட்டாங்க.

செந்தூல்_அரசி

எனக்கு இது ஒத்துவரவில்லை. எதிர் ஓரத்தான் சந்தை, மரவெட்டு எல்லாவற்றையும் வீடு வைத்து அடைத்திருந்தால் நைட் வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும், இங்கே உங்கள் ஓரத்தான் செத்துப்போவார். முதலில் ஒரு ஸ்கவுட்டை அனுப்பித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பத்துமலையார் சொன்னபடி. இல்லாவிட்டால் உங்கள் ஓரத்தில் சண்டை நடக்கும்போது எதிராளியின் முதுகுப் பக்கம் வாருங்கள். உங்கள் கிராஸ்போ பின்வாங்கும் திசையிலிருந்து வந்தால் இரண்டு படையும் ஒன்றில் ஒன்று சிக்கி நகரமுடியாமல் நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_பாய்

கடைசியா ஒண்ணு. பழைய லேப்டாப் கொண்டுவர்ற ஆளுங்க கிராபிக்ஸைக் குறைச்சு வச்சுக்குங்க, ப்ளீஸ். இந்த ஆட்டத்துல எல்லார் கம்ப்யூட்டரும் ஒண்ணா நடக்கணும். ஒருத்தருது திணறினா ஆறு பேருக்கும் ஸ்லோ மோஷன். மேங்கோனல் கல்லைத் தப்பிக்க நினைக்கிற நேரத்துல அது நடந்தா அக்காவோட கணக்கெல்லாம் லோங்காங்ல (சாக்கடையில) போயிடும் லா.

கடாரத்தான், பட்டர்வொர்த்

குறைச்சுக்கலாம். மக்கள்தொகை 200, தென்கிழக்காசியா சர்வர், அராபியா. பத்துமலை அண்ணே, ஃப்ராங்க்ஸ் எடுக்கப்போறது நீங்கதானே?

பத்துமலை_யானை

ஸ்கேல் பார்டிங்கோட 30 அம்பு. எண்ணிக்கிட்டே வாங்க.